ரயில் சாதி கேட்பதில்லை. வாடகை வீடு கேட்கிறது

தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் காலை ஏழரை மணிக்கு நின்று பார்த்தால், இந்தப் புறநகரில் யார் யார் வாழ்கிறார்கள் என்று தனியாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. கடற்கரை ரயிலைப் பிடிக்க ஓடும் வங்கி ஊழியர், தலைமைச் செயலக உதவியாளர், நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் துணிக்கடைப் பெண், எழும்பூர் மருத்துவமனைக்குப் போகும் செவிலியர் எல்லோரும் ஒரு பக்கம். எதிர்த் திசையில் பொத்தேரியில் இறங்கும் மாணவர்கள், மறைமலைநகர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் போகும் ஒப்பந்தத் தொழிலாளிகள், பரனூரில் இறங்கும் ஐ.டி. ஊழியர்கள்.

தெலுங்கு பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள், தென்மாவட்டங்களிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர்கள் இங்கே உண்டு. மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் பக்கம் கூலி வேலை குறைந்துபோய் வந்த தலித் குடும்பங்களும், ஏரிக்கரையோரம் குடிசை போட்டிருக்கும் இருளர்களும் உண்டு. இத்தனை பேருக்கும் அந்த மேம்பாலத்தில் ஒரே படிக்கட்டுதான்.

ரயிலில் ஏறிய பிறகு நெருக்கம் இன்னும் கூடுகிறது. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் “கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்” என்று நான்காவது ஆள் உட்கார்கிறார். நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். மகளிர் பெட்டியில் பூக்கட்டு கைமாறுகிறது, டிபன் பாக்ஸ் திறக்கிறது, சுண்டல் பொட்டலம் பகிரப்படுகிறது. “நீங்க எந்த ஆளுங்க?” என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இதை நாங்கள் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பொதுச் சாலையில் நடப்பதற்கே இந்த மண்ணில் போராட வேண்டியிருந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையும் பொதுக்கிணறும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்ற அரசாணை அதற்குப் பிறகுதான் வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1931இல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சீட்டு வாங்கியவர் யாராக இருந்தாலும் உட்காரலாம் என்பது அந்த ரயிலின் விதி. இந்தப் புறநகர் மக்கள் பல தலைமுறைகளாக அந்த விதிக்குப் பழகிவிட்டார்கள்.

மாலையில் அதே ரயிலிலிருந்து இறங்கி அவரவர் வீட்டுக்குப் பிரியும்போதுதான் வேறு விதி தொடங்குகிறது.

ரயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்

தாம்பரம் ஒரே நாளில் நகரமானதல்ல. 1928இல் காசநோய் மருத்துவமனை வந்தது. அதனால்தான் ஒரு ரயில் நிலையத்துக்கே ‘சானடோரியம்’ என்று பெயர். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. விமானப்படைத் தளமும் ரயில்வே குடியிருப்பும் வந்தன. 1984இல் ஏற்றுமதி வளாகம் வந்தது. ‘மெப்ஸ்’ என்று நாம் சொல்வது அதைத்தான். அடுத்த ஆண்டு வண்டலூரில் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. தெற்கே மறைமலைநகர் தொழில் நகரமாக வளர்ந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும் ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வாடகை ஏறத் தொடங்கியது.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. வசந்தகுமாரி முதல் மேயரானார். பெரிய மாநகராட்சியின் முதல் நாற்காலியில் ஒரு இளம் தலித் பெண் உட்கார்ந்ததை எங்கள் தெருக்களில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள்.

ரயிலும் மேயர் நாற்காலியும் எப்படித் திறந்தன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். யாருடைய நல்ல மனமும் அவற்றைத் திறந்துவிடவில்லை. இது எல்லோருக்கும் பொது என்று ஒரு விதி எழுதப்பட்டது, அது நடைமுறைப்படுத்தப்பட்டது. அதனால் திறந்தன.

மனைகளுக்கு முன்பு இங்கே என்ன இருந்தது?

புறநகர் என்றாலே வந்து குடியேறியவர்களின் ஊர் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. ‘இங்க எல்லாருமே வந்தவங்கதானே’ என்பார்கள். அது முழு உண்மையல்ல. ரயில் வருவதற்கு முன்பே இங்கே ஊர்கள் இருந்தன. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சேரி இருந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது. அந்த வயலில் இறங்கியவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிகள்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். நிலமில்லாததுதான் அவர்களுடைய அடிமை நிலைக்கு வேர் என்று அவர் கண்டார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையில்தான் பஞ்சமி நிலத்தின் வரலாறு தொடங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதற்கும் பொருந்திய அந்த ஆணைக்கு விதை விழுந்தது நம் மாவட்டத்தில்தான்.

அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் அவர்களுக்கு நாம் அஞ்சலி செலுத்துகிறோம். ரயில் பாதையை ஒட்டி மனைப்பிரிவுகளாகிப் போன நிலங்களில் பஞ்சமி நிலங்களும் உண்டு என்று தலித் அமைப்புகள் மனு மேல் மனு கொடுத்து வருகின்றன. பழைய வருவாய்ப் பதிவேடுகளில் ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பு இன்னும் இருக்கிறது. அந்த இடத்தின் மேல் இன்று ஏதோ ஒரு ‘நகர்’, ஏதோ ஒரு ‘அவென்யூ’ பெயர்ப்பலகை நிற்கிறது.

ஆக, இங்கே வீடு தேடும் தலித் குடும்பம் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். மற்றொன்று, இதே ஊரில் பிறந்து, சேரியில் இடம் போதாமல் நாலு தெரு தள்ளி வாடகைக்குப் போக நினைக்கும் குடும்பம். இரண்டு குடும்பங்களிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது.

கேள்வி நேராக வருவதில்லை

‘என்ன சாதி?’ என்று இப்போது யாரும் நேராகக் கேட்பதில்லை. படித்தவர்கள், நாகரிகமானவர்கள். கேள்விகள் சுற்றி வருகின்றன.

“சொந்த ஊர் எது?” பதில் சொன்னால், “ஊர்ல வீடு எந்தப் பக்கம்?”

“நான்வெஜ் சாப்பிடுவீங்களா?” சாப்பிடுவோம் என்றால், “எல்லாமே சாப்பிடுவீங்களா?”

“குலதெய்வம் எது?” “அப்பா என்ன வேலை பார்த்தார்?” “வேலை கோட்டாவுல கிடைச்சதா?” பேச்சுவாக்கில் வருகிற மாதிரி வரும், ஒவ்வொன்றும் ஒரு சல்லடை. எல்லாவற்றையும் தாண்டிவிட்டால், ஆதார் அட்டை நகலில் இருக்கும் தெருப் பெயர் காட்டிக் கொடுத்துவிடும். மறுநாள் தரகரிடமிருந்து போன் வரும். “சார், தப்பா நினைக்காதீங்க. ஓனரோட பையன் வெளிநாட்டுல இருந்து வர்றானாம். வீடு இப்ப குடுக்கலையாம்.” அதே வீட்டு வாசலில் ‘டூ-லெட்’ பலகை இன்னும் ஒரு மாதம் தொங்கும்.

இந்த ஆண்டில் மட்டும் பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை வீடு தேடிய பல குடும்பங்களோடு நாங்கள் பேசினோம், சிலரோடு தெருத் தெருவாக நடந்தோம். மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர் சொன்னார்: “நோயாளிக்கு ஊசி போடும்போது எங்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்லண்ணா. அவங்க வீட்டு மாடியில குடியிருக்கத்தான் கேக்குறாங்க.”

அரசு வேலையில் இருக்கும் இன்னொருவருக்கு வீடு கிடைத்தது. குடிபோன நான்காம் நாள், கூடத்தில் அம்பேத்கர் படத்தைப் பார்த்த வீட்டுக்காரர் முகம் மாறியது. “இதை உள் ரூம்ல மாட்டிக்கலாமே சார், வர்றவங்க போறவங்க பாப்பாங்க” என்றாராம். அவர் படத்தைக் கழற்றவில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

இந்த மறுப்பு எங்களுக்கு மட்டும் நடக்கிறது என்று சொல்லவில்லை. இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பெயரைக் கேட்டதுமே கதவு சாத்தப்படுகிறது. வடகிழக்கு மாநில இளைஞர்களிடம் மாடிக்கொட்டகைக்கும் முழு வீட்டு வாடகை கேட்கிறார்கள். தனியாக வாழும் பெண்ணுக்கு வேறு வகைக் கேள்விகள். தலித்துகளுக்கு இதில் தனியாக ஒரு சுமை உண்டு. முகத்தைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ பல நேரம் கண்டுபிடிக்க முடியாது என்பதால், மறைத்துவிடலாம் என்ற ஆசையை இந்த ஊர் நமக்குக் காட்டுகிறது. மறைக்கச் சம்மதித்தால் வீடு கிடைக்கும்.

மறைத்து வாழ்வதன் விலை என்ன? மாட்டுக்கறி சமைக்கிற ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்த வேண்டும். ஊரிலிருந்து அத்தையும் பெரியப்பாவும் வந்தால் சத்தமாகப் பேச வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 14 அன்று ஊர்வலத்துக்குப் போகிறவர் நீலத் துண்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, ரயில் நிலையம் போன பிறகு எடுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, “நாம என்ன ஆளுங்கன்னு கேட்டா என்னப்பா சொல்லணும்?” என்று கேட்கும் ஏழு வயதுக் குழந்தைக்குப் பொய் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தக் குழந்தை எதிர்வீட்டுப் பிள்ளையோடு விளையாடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொய்யையும் எடுத்துக்கொண்டு போகிறது.

மறைக்க மாட்டோம் என்கிறவர்கள் நிலையத்திலிருந்து தள்ளிப் போகிறார்கள். ஷேர் ஆட்டோ போகாத தெரு, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் தாழ்வான பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். நிலையத்திலிருந்து தள்ளிப் போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், இரவு கடைசி ரயிலில் இறங்கி வீடு திரும்பும் பெண் தன் பயத்தால் விலை கொடுக்கிறாள்.

இது நம் கற்பனை அல்ல

‘இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?’ என்று கேட்பவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறோம். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு விவரங்களைக் கொண்டு சென்னை உட்பட நாட்டின் ஏழு பெரிய நகரங்களை அலசியது. பணக்காரர், ஏழை என்று மக்கள் பிரிந்து வாழ்வதைவிடச் சாதியாகப் பிரிந்து வாழ்வதே அதிகம் என்று அது கண்டது. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் குழுவினர் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. வாடகை வீடு கேட்டுப் போன தலித்துகளும் முஸ்லிம்களும், அதே தகுதியுள்ள உயர்சாதியினரைவிடப் பல மடங்கு மறுக்கப்பட்டார்கள் என்று அது காட்டியது.

இந்த வலி அண்ணல் அம்பேத்கருக்கே நேர்ந்தது. வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அவர், 1917இல் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேரப் போனார். அந்த நகரத்தில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சி என்று சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நண்பர்களும் இடம் தரத் தயங்கினார்கள். பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அன்றும் ரயிலில் அவருக்கு இடம் இருந்தது, ஊரில்தான் இல்லை.

கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கள் என்று நம் மக்களிடம் சொன்னவர் அவர். கிராமம் சாதியின் கூடாரம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. நகரத்திலும் ஒரு கதவு சாத்தியே இருக்கும் என்பதைத் தன் அனுபவத்தில் கண்டவரும் அவர்தான்.

இரண்டு காலனிகள்

புறநகரில் ‘காலனி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் வேறொரு சொல் ஒட்டியிருந்தால் அது மதிப்பு: ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி, ஆசிரியர் காலனி. வெறுமனே ‘காலனி’ என்றால் சேரி. “அவங்க காலனிக்காரங்க” என்று ஒருவர் சொன்னால் அங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பலகையில் பெயர் மாறட்டும். ஆனால் அந்தத் தெருவில் பிறந்த பெண் அடுத்த தெருவில் வாடகைக்குப் போக முடியாத நிலை, பெயர் மாறுவதால் மட்டும் மாறாது.

குடியிருப்புச் சுவருக்குள் எங்களை அனுமதிக்க யாரும் தயங்காத நேரங்களும் இருக்கின்றன. காலையில் பாத்திரம் கழுவவும் வீடு துடைக்கவும் வரும் அக்காவின் சாதியை யாரும் கேட்பதில்லை, தெரியும். சில அடுக்ககங்களில் அவர்களுக்குத் தனி லிஃப்ட். சில வீடுகளில் தனி டம்ளர். குப்பை அள்ள வரும் தூய்மைப் பணியாளர் தண்ணீர் கேட்டால் பழைய பாட்டிலில் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

கழிவுநீர்த் தொட்டி விஷயம் இன்னும் கொடுமை. நம் புறநகரில் வீடுகள் பெருகிய வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை பெருகவில்லை. இன்றும் பல தெருக்கள் செப்டிக் டேங்கை நம்பித்தான் இருக்கின்றன. லாரி வந்து உறிஞ்சும்; அடியில் தங்கும் கசடை எடுக்க ஆள் இறங்கச் சொல்வார்கள். இறங்குகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறக்கச் சொன்னவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. நலச்சங்கச் செயலாளரோ வீட்டுக்காரரோ ‘கான்ட்ராக்டர்தான் கூட்டிட்டு வந்தார்’ என்று கை கழுவிவிட்டால் போதாது.

தொட்டிக்குள் இறங்க ஒருவரை அழைக்கும் அதே வளாகம், மேலே காலியாக இருக்கும் வீட்டை அவருடைய மகளுக்கு வாடகைக்குத் தருமா? கலந்து வாழும் ஊர் என்று தாம்பரத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

சட்டத்தில் ரயிலுக்கு அடுத்த வரி

வீடு தனியார் சொத்து, யாருக்குக் கொடுப்பது என்பது உரிமையாளர் விருப்பம் என்று பலர் நம்புகிறார்கள். நம் மக்களிலும் பலர் அப்படியே நம்பிப் பேசாமல் திரும்பி விடுகிறார்கள். சட்டம் வேறு சொல்கிறது.

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று பெயர்; 1976இல் பெயர் மாறியது. அதன் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்தெந்த இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று வரிசையாகச் சொல்கிறது. கடை, உணவகம், குளம், கிணறு, சுடுகாடு, சாலை எல்லாம் அதில் உண்டு. ஏழாவது உட்பிரிவு பொது வாகனத்தைச் சொல்கிறது. அதற்கு அடுத்த எட்டாவது உட்பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதையும் வாங்குவதையும் அதில் குடியிருப்பதையும் சொல்கிறது.

சட்டம் எழுதியவர்கள் ரயிலையும் வீட்டையும் அடுத்தடுத்த வரியில்தான் வைத்திருக்கிறார்கள். ஏழாவது வரி நம் ஊரில் நடைமுறையாகிவிட்டது. ரயிலில் ‘எழுந்திரு’ என்று ஒருவர் சொன்னால் பெட்டியே எதிர்த்து நிற்கும். எட்டாவது வரி காகிதத்தில் தூங்குகிறது.

இந்தக் குற்றத்துக்குத் தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாத, ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறையும், நூறு முதல் ஐந்நூறு ரூபாய் வரை அபராதமும். தொகை சிறியது என்று சிரிக்க வேண்டாம், சிறை உண்டு. பிடியாணை இல்லாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது. பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவராக இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. ‘நான் சாதி பார்த்து மறுக்கவில்லை’ என்று காட்ட வேண்டிய பொறுப்பு மறுத்தவர் பக்கம் போகிறது. 4ஆவது பிரிவு ‘எந்த நபருக்கு’ எதிராகவும் என்றே பேசுவதால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காத தலித் கிறித்தவர்களும் இதைப் பற்றிக்கொள்ள முடியும்.

வீடு கொடுத்த பிறகு சாதி தெரிந்து தண்ணீரை நிறுத்துவது, அக்கம்பக்கத்தாரைப் பேச விடாமல் செய்வது போன்றவை நடந்தால் அது சமூகப் புறக்கணிப்பு. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

வீடு தேடுகிறவர்களுக்கு முதலில் சொல்கிறோம். தரகரோடும் வீட்டுக்காரரோடும் நடக்கும் பேச்சை முடிந்தவரை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு இல்லை என்று சொன்ன பிறகும் விளம்பரம் தொடர்ந்தால், தேதியோடு படம் எடுத்து வையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவை அணுகுங்கள். தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. புகார் கொடுத்தால் அந்த வீடே கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்துப் புகார்கள் பதிவானால், பதினோராவது வீட்டுக்காரர் கேள்வி கேட்கும் முன் யோசிப்பார். அதுவே பெரிய மாற்றம்.

தரகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலரும் நம் பிள்ளைகள்தான். ‘ஓனர் இந்த ஆளுங்களுக்குத்தான் தருவார்’ என்று சொல்லி வீடு காட்டும்போது நீங்களும் அந்தக் குற்றத்தில் பங்கு பெறுகிறீர்கள். அப்படி நிபந்தனை போடும் வீட்டை எடுக்காதீர்கள்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் பதிவையும் பேசுகிறது. சாதி, மதம் காரணமாக வீடு மறுப்பதைத் தடுக்கும் தனிப் பிரிவு அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். எட்டாவது உட்பிரிவைச் சொல்லும் ஒரு பலகையைத் தாம்பரம் மாநகராட்சியும் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் நகராட்சிகளும் தங்கள் அலுவலக வாசலில் வைக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு மன்றத் தீர்மானம் போதும்.

கடைசியாக, குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கு. குப்பைக்கும் தெருவிளக்குக்கும் ஏரி காக்கவும் நீங்கள் எடுக்கும் முயற்சிகளை நாங்கள் மதிக்கிறோம். பல இடங்களில் உங்களோடு சேர்ந்து நின்றிருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் மூன்று வரித் தீர்மானம் ஒன்று போடுங்கள்: எங்கள் தெருவில் சாதி, மதம் கேட்டு வீடு மறுக்க மாட்டோம், வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்டும் தனி டம்ளரும் வைக்க மாட்டோம், கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்க மாட்டோம். சட்டம் ஏற்கெனவே சொல்வதைத்தான் திருப்பிச் சொல்லக் கேட்கிறோம்.

பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை எந்தச் சங்கம் முதலில் இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுகிறதோ, அதன் பெயரை இதே பத்தியில் எழுதுவோம். வீடு தேடும் எங்கள் பிள்ளைகளிடம் அந்தத் தெருவின் பெயரையும் சொல்லி அனுப்புவோம்.